அத்தியாயம் 7: விட்டுவந்த வேலையின் பி.எஃப். பணம்

இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன் விட்டுவந்த வேலையின் பி.எஃப். பணத்தைத் தேடுகிறவர்கள், ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நேராக பி.எஃப். அலுவலகத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கேட்கப்படும் முதல் கேள்விக்கு அந்தப் பையில் பதில் இருக்காது. "கம்பெனி கோடு என்ன?" என்பதுதான் அந்தக் கேள்வி.

பி.எஃப். அலுவலகத்தின் பழைய கணக்குகள் நிறுவன வாரியாக வைக்கப்பட்டவை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு குறியீட்டு எண், அதன் கீழே தொழிலாளர்களுக்கு வரிசை எண். சென்னை ராயப்பேட்டை அலுவலகத்தில் போய் "முருகன், தகப்பனார் சுப்பையா" என்று சொன்னால் எத்தனையோ முருகன்கள் இருப்பார்கள். "இந்தக் குறியீட்டு எண் உள்ள மில்லில் 1994 முதல் 2001 வரை இருந்த முருகன்" என்றால் தேடுகிற பரப்பு சில பக்கங்களாகச் சுருங்கிவிடும். ஆகவே இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி கம்பெனியைக் கண்டுபிடிப்பதைப் பற்றியது. கம்பெனி கிடைத்துவிட்டால் கணக்கு கிடைப்பது அவ்வளவு கடினமில்லை.

தேடலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பணம் காலாவதி ஆகிவிடவில்லை. மூன்று வருடம் சந்தா வராத கணக்குகளுக்கு 2011 ஏப்ரல் முதல் வட்டியை நிறுத்தினார்கள் என்பது உண்மை. "கணக்கு செத்துப்போச்சு" என்ற பேச்சு ஊரில் பரவியதும் அப்போதுதான். ஆனால் 2016 நவம்பரில் விதியைத் திருத்திவிட்டார்கள். வேலையை இடையில் விட்டு, பணத்தை எடுக்காமல் இருப்பவரின் கணக்குக்கு 58 வயது வரை வட்டி சேரும். 1990-களில் இந்த வட்டி 12 சதவீதம். 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 8.25 சதவீதம். இந்த விகிதத்தில் ஒரு தொகை ஒன்பது வருடத்துக்குள் இரட்டிப்பாகும். அன்று சிறியதாகத் தெரிந்த தொகை இன்று ஆட்டோ செலவுக்கு மேலேயே தேறும்.

முதலில் பிடித்தம் இருந்ததா?

சம்பளத்தில் பிடித்தது எல்லாம் பி.எஃப். அல்ல. ஈ.எஸ்.ஐ. வேறு, கூட்டுறவு நாணயச் சங்கக் கடன் பிடித்தம் வேறு. கிராஜுவிட்டி என்பது அப்போதிருந்த 1972-ஆம் ஆண்டு சட்டப்படி முதலாளி தன் கையிலிருந்து தருவது, அதற்கும் பி.எஃப். அலுவலகத்துக்கும் சம்பந்தமில்லை.

1952-ஆம் ஆண்டின் பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும். பலரும் அறியாத ஒரு விலக்கும் அதில் இருந்தது. 1997 செப்டம்பர் வரை, புதிதாகத் தொடங்கிய நிறுவனங்களுக்கு ஆரம்பச் சில ஆண்டுகள் பி.எஃப். கட்டாயமில்லை. 1993-இல் தொடங்கிய கம்பெனியில் முதல் நாளே சேர்ந்தவர் கணக்கைத் தோண்டிப் பார்த்து "மூன்று வருடப் பணத்தைக் காணோம்" என்று அதிர்ந்தால், காரணம் இதுவாக இருக்கலாம். சேரும்போதே சம்பளம் உச்சவரம்பைத் தாண்டியிருந்தால் பி.எஃப். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் வழி இருந்தது. அந்த வரம்பு 2001 முதல் 6,500 ரூபாய். 2014 செப்டம்பர் முதல் 15,000. மென்பொருள் கம்பெனிகளின் ஆரம்ப நாட்களில் சேர்ந்தவர்கள் தங்கள் சம்பளச் சீட்டை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எண்ணைப் படிப்பது

பி.எஃப். எண் டிஎன்/எம்ஏஎஸ்/0012345/000/0000678 என்பது போல இருக்கும். முதல் இரண்டு எழுத்து வட்டாரம், அடுத்த மூன்று அலுவலகம். எம்ஏஎஸ் என்றால் சென்னை, ஏஎம்பி என்றால் அம்பத்தூர். கோவை சிபி/சிபிஇ, மதுரை எம்டி/எம்டியூ. அடுத்து வரும் ஏழு இலக்கம்தான் நாம் தேடும் நிறுவனக் குறியீடு. நடுவில் உள்ள மூன்று இலக்கம் கிளை எண், கடைசி ஏழு இலக்கம் உங்கள் எண். பழைய சீட்டுகளில் டிஎன்/12345/678 என்று சுருக்கமாக இருக்கும். அலுவலகக் குறியீட்டையும் விடுபட்ட பூஜ்யங்களையும் சேர்த்துக்கொண்டால் அதே எண்தான்.

இது வீட்டில் எங்கே அகப்படும்? ஆண்டுக்கு ஒருமுறை கம்பெனி கொடுத்த பி.எஃப். ஸ்லிப்பில் இருக்கும். அது இல்லையென்றால் சம்பளச் சீட்டின் மேல் ஓரம், பணிச் சான்றிதழ், கல்யாணத்துக்கோ வீடு கட்டவோ முன்பணம் கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் நகல். வேலையை விட்டபோது வந்த செட்டில்மென்ட் கடிதத்தையும் பாருங்கள். ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவில், எல்.ஐ.சி. பாலிசிகளுக்கு நடுவில் இந்தக் காகிதங்கள் அமுங்கிக் கிடப்பது வழக்கம்.

எதுவுமே இல்லையென்றால் கூட வேலை செய்தவர்களைப் பிடியுங்கள். என் அனுபவத்தில் இதைவிட வேகமான வழி கிடையாது. ஒரே கம்பெனியில் இருந்த எல்லோருக்கும் எண்ணின் முன்பகுதி ஒன்றுதான், கடைசிப் பகுதி மட்டுமே மாறும். அந்த எண்கள் பெரும்பாலும் சேர்ந்த வரிசையில் கொடுக்கப்பட்டவை என்பதால், உங்களோடு ஒரே மாதத்தில் சேர்ந்தவரின் எண் தெரிந்தால் உங்களுடையது அதன் பக்கத்திலேயே இருக்க வாய்ப்பு உண்டு. மில் தொழிலாளி என்றால் டைம் ஆபீசில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர் ஆகியோரின் வீட்டில் பழைய பட்டியல்களே கிடைக்கலாம்.

ஆள் யாரும் அகப்படாவிட்டால் இணையம் இருக்கிறது. பி.எஃப். நிறுவனத்தின் தளத்தில் நிறுவனங்களைத் தேடும் பக்கம் உண்டு. பெயரில் ஒரு பகுதியைத் தட்டினால் குறியீட்டு எண், முகவரி, எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பதெல்லாம் வரும். பெயரை முழுதாகத் தட்டாதீர்கள். 'அண்ட்', 'கோ', 'பிரைவேட் லிமிடெட்' எல்லாம் பதிவில் வேறு மாதிரி இருக்கும். தனித்துத் தெரியும் ஒரு சொல்லை மட்டும் போட்டு, வரும் பட்டியலில் முகவரியை வைத்துப் பொறுக்கி எடுங்கள்.

கம்பெனி பெயரே தவறாக இருந்தால்

தேடல் பெரும்பாலும் முட்டி நிற்கும் இடம் இது. நீங்கள் வேலை பார்த்த இடமும் உங்கள் பெயரில் சந்தா கட்டிய நிறுவனமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

முதல் சிக்கல் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு. பெரிய தொழிற்சாலையின் கேட்டுக்குள் பத்து வருடம் வேலை செய்திருப்பார். ஆனால் பி.எஃப். கட்டியது கான்ட்ராக்டர். தொழிற்சாலையின் குறியீட்டின் கீழே எவ்வளவு தேடினாலும் இவர் பெயர் வராது. நடுவில் கான்ட்ராக்டர் மாறியிருந்தால் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்கு மூன்று கணக்கு இருக்கும். கேட் பாஸ், ஈ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றில் கான்ட்ராக்டர் பெயர் இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் தொழிற்சாலையின் மனிதவளத் துறைக்கு எழுதிக் கேட்கலாம். ஒப்பந்தத் தொழிலாளரின் பி.எஃப்.புக்கு முதன்மை முதலாளியும் சட்டப்படி பொறுப்பு என்பதால் "எங்களுக்குத் தெரியாது" என்று அவர்கள் கைகழுவிவிட முடியாது.

இரண்டாவது, தலைமை அலுவலகம் வெளியூரில் இருப்பது. சென்னைக் கிளையில் வேலை பார்த்தவரின் பி.எஃப். மும்பையிலோ பெங்களூரிலோ கட்டப்பட்டிருக்கும். எண் எம்எச் என்று தொடங்கினால் ராயப்பேட்டையில் நின்று பயனில்லை.

மூன்றாவது, தனி டிரஸ்ட் வைத்திருக்கும் நிறுவனங்கள். பெரிய கம்பெனிகளும் பொதுத்துறை ஆலைகளும் விலக்கு பெற்று, தொழிலாளர்களின் பி.எஃப். பணத்தைத் தாங்களே ஒரு டிரஸ்ட்டில் வைத்து நிர்வகிப்பது உண்டு. அங்கே வேலை பார்த்தவர்கள் டிரஸ்ட்டுக்குத்தான் எழுத வேண்டும். ஆனால் ஓய்வூதியப் பங்கு மட்டும் பி.எஃப். அலுவலகத்துக்கே போயிருக்கும். டிரஸ்ட் பணத்தை வாங்கிக்கொண்டு, கதை முடிந்தது என்று ஓய்வூதியத்தை விட்டுவிட்டவர்கள் நிறைய. விலக்கை நிறுவனம் திருப்பிக் கொடுத்திருந்தால் பணம் முழுவதும் பி.எஃப். அலுவலகத்துக்கு மாறியிருக்கும்.

பெயர் மாறிய கம்பெனி, வேறொன்றோடு இணைந்த கம்பெனி ஆகியவற்றை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பார்க்கலாம். கம்பெனி இன்னும் இயங்குகிறதா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதா, கலைப்பு நடவடிக்கையில் இருக்கிறதா என்பதும் அங்கே தெரியும்.

மூடிய ஆலைகள்

பெரம்பூர் பின்னி மில் 1996-இல் மூடியது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. இவை ஊரறிந்தவை. கோவையிலும் மதுரையிலும் சத்தமில்லாமல் மூடிய நூற்பாலைகள் எத்தனையோ. ஆலை மூடினால் பணமும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கட்டப்பட்ட சந்தா முதலாளியிடம் இருப்பதில்லை.

மூடிய இடத்தில் சிக்கல் கையெழுத்துதான். பழைய படிவங்களில் முதலாளி சான்றளிக்க வேண்டும், முதலாளியே இல்லை. இதற்காகவே மாற்று ஏற்பாடு இருக்கிறது. உங்கள் கணக்கு இருக்கும் வங்கியின் மேலாளர், கெஜட்டட் அதிகாரி, அஞ்சல் நிலைய அதிகாரி போன்றவர்கள் சான்றளித்தாலும் ஏற்கப்படும். நிறுவனம் மூடியது, முதலாளி கையெழுத்துக் கிடைக்காது என்பதை ஒரு கடிதத்தில் தெளிவாக எழுதி இணைத்துவிடுங்கள். அதைச் சொல்லாமல் சான்று மட்டும் வைத்தால் படிவம் திரும்பி வரும்.

சம்பளத்தில் பிடித்துவிட்டு முதலாளி கட்டாமலே போயிருந்தால் என்ன செய்வது? இது கடினமான நிலைமை, மழுப்ப விரும்பவில்லை. விசாரணை நடத்தித் தொகையை நிர்ணயித்து, சொத்தை ஜப்தி செய்து வசூலிக்கும் அதிகாரம் பி.எஃப். அலுவலகத்துக்கு உள்ளது. கம்பெனி கலைக்கப்படும்போது மற்றக் கடன்களுக்கு முன்பாக பி.எஃப். பாக்கிக்கு உரிமை உண்டு. தொழிலாளர் செய்ய வேண்டியது, பிடித்தம் காட்டும் சம்பளச் சீட்டுகளோடு எழுத்தில் புகார் கொடுப்பது. தனியாகக் கொடுப்பதைவிட, இருபது பேர் சேர்ந்து கொடுக்கும் மனுவுக்கு வேகம் அதிகம். வழக்கு கலைப்பு அதிகாரியிடம் இருந்தால் அவருக்கும் ஒரு நகல் போக வேண்டும்.

மனு எழுதுவது

2012 ஏப்ரல் முதல் சந்தா விவரம் இணையம் வழியாக மாதாமாதம் ஆள்வாரியாகப் போகிறது. அதற்கு முன், முதலாளி ஆண்டு முடிந்ததும் ஒவ்வொரு தொழிலாளருக்கும் படிவம் 3ஏ, மொத்தமாக 6ஏ என்று காகிதத்தில் கொடுத்தார். பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு 3ஏ கொடுக்காத முதலாளிகளும் இருந்தார்கள். அப்போது பணம் வந்திருக்கும், உங்கள் பெயரில் வரவு ஆகியிருக்காது. "இருப்பு இல்லை" என்ற பதிலோடு திரும்பிவிடாமல், 3ஏ-வைக் கேளுங்கள் என்று சொல்வது இதனால்தான். மனு இப்படி இருக்கலாம்:

"ஐயா, நான் மேற்கண்ட நிறுவனத்தில் (குறியீட்டு எண் …) 1994 ஜூன் முதல் 2001 மார்ச் வரை ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தேன். டோக்கன் எண் … . என் உறுப்பினர் எண், கணக்கின் இருப்பு, 1994-95 முதல் 2000-01 வரை என் பெயரில் வந்த படிவம் 3ஏ-வின் நகல்கள் ஆகியவற்றைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கணக்கிலிருந்து ஏற்கெனவே பணம் வழங்கப்பட்டிருந்தால் தேதி, தொகை, எந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பப்பட்டது என்ற விவரமும் வேண்டும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வேலையை விடும்போது செட்டில்மென்ட் காகிதங்களோடு பி.எஃப். படிவத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பணமும் வாங்கி, மறந்தே போனவர்கள் உண்டு. வேறு யாரோ வாங்கியிருந்தாலும் அந்தப் பதிலில்தான் தெரியவரும்.

இந்த மனுவை நேரில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்குங்கள். பி.எஃப். நிறுவனத்தின் குறைதீர்ப்புத் தளத்திலும் பதிவு செய்யலாம். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' என்ற குறைதீர்ப்பு முகாம் நடக்கிறது; அன்று விடுமுறையானால் அடுத்த வேலை நாள். பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் அதே கேள்விகளைத் தமிழிலேயே கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பெயரும் இனிஷியலும்

கணக்கு கிடைத்த பிறகு தமிழர்களுக்கென்றே ஒரு தனித் தொல்லை காத்திருக்கிறது. பழைய பதிவில் 'எஸ். முருகன்', ஆதாரில் 'முருகன் சுப்பையா'. பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். ஆங்கில எழுத்தில் லட்சுமி மூன்று விதம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட பிறந்த தேதி ஒன்று, ஆதாரில் இன்னொன்று. கணினி இவர்களை வெவ்வேறு ஆட்களாகவே பார்க்கும்.

திருத்தத்துக்குக் கூட்டு உறுதிமொழிப் படிவம் உண்டு. கம்பெனி இருந்தால் முதலாளியும் கையெழுத்திட வேண்டும், மூடியிருந்தால் மேலே சொன்ன மாற்று ஏற்பாடு. பணத்துக்கான படிவத்தைப் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பெயர் பொருந்தாமல் போட்டு நிராகரிக்கப்பட்டு, திருத்தி மறுபடி போடுவது வீண் அலைச்சல்.

வேலை மாறினாலும் மாறாத 12 இலக்க யுஏஎன் எண் 2014-இல்தான் வந்தது. அதற்கு முன் வேலையை விட்டவர்களுக்குப் பெரும்பாலும் அது இருக்காது. இப்போது வேறு வேலையில் இருப்பவர் தன் யுஏஎன்னில் பழைய கணக்கை இணைக்கலாம். எந்த வேலையிலும் இல்லாதவர் ஆதாரோடு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்பதே சுருக்க வழி. யுஏஎன் இருக்கிறதா என்றே தெரியாவிட்டால், பி.எஃப். தளத்தில் கைபேசி எண்ணையும் ஆதாரையும் கொடுத்துப் பார்க்கலாம்.

எடுப்பதா, மாற்றுவதா?

கணக்கு கையில் கிடைத்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை, மொத்தமாக எடுத்துவிடலாம் என்பது. பி.எஃப். பகுதியை எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. படிவம் 19 போதும். ஓய்வூதியப் பகுதியில்தான் நிதானம் வேண்டும்.

1995 நவம்பர் 16 முதல் முதலாளி பங்கிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. ஓய்வூதியம் கிடைக்க 10 வருடச் சேவை தேவை. இது ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை. பழைய வேலையில் 6 வருடம், இப்போதைய வேலையில் 5 வருடம் என்றால் கூட்டி 11. சராசரிச் சம்பளம் 15,000 ரூபாயாக இருந்தால், அதை 11-ஆல் பெருக்கி 70-ஆல் வகுக்க மாதம் 2,357 ரூபாய் வரும். ஆயுள் முழுக்க, பிறகு துணைவருக்குக் குடும்ப ஓய்வூதியம். பழைய 6 வருடத்துக்குப் படிவம் 10சி போட்டுப் பணமாக வாங்கிவிட்டால் அந்த 6 வருடம் சேவைக் கணக்கிலிருந்து அழிந்துவிடும். வேலையில் இருப்பவர்கள் படிவம் 13 மூலம் மாற்றிக்கொள்ளட்டும். வேலையில் இல்லாத, 58 ஆகாதவர்கள் அதே 10சி-யில் பணத்துக்குப் பதில், பழைய சேவையைக் காப்பாற்றி வைக்கும் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். 10 வருடம் இருந்து 58 கடந்தவர்களுக்குப் படிவம் 10டி.

மாற்றிய பின் பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தியில் பூஜ்யம் தெரியும். பதற வேண்டாம். அங்கே தொகை மாறுவதில்லை, சேவைக் காலம் மட்டுமே மாறுகிறது.

மொத்தச் சேவை 5 வருடத்துக்குக் குறைவாக இருந்து, எடுக்கும் தொகை 50,000 ரூபாயை எட்டினால் வரி பிடிப்பார்கள். பான் கொடுத்தால் 10 சதவீதம். வேலையை விட்ட பிறகு சேர்ந்த வட்டிக்கும் வருமான வரி உண்டு.

இவை எதற்கும் பி.எஃப். அலுவலகத்தில் கட்டணம் கிடையாது. "பழைய பி.எஃப். எடுத்துத் தருகிறோம், வருவதில் கால் பங்கு" என்று போஸ்டர் ஒட்டும் ஏஜென்டுகள் செய்வதும் மேலே சொன்ன வேலைகளைத்தான். அவர்களிடம் ஓடிபி சொல்வது, வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது இரண்டும் கூடாது.

கணக்குக்காரர் இறந்திருந்தால்

தேடுவது குடும்பத்தாராக இருந்தால் வழி அதேதான், படிவங்கள் மாறும். பி.எஃப். தொகைக்குப் படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்துக்கு 10டி. வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் காப்பீட்டுத் தொகைக்கு 5ஐஎஃப். காப்பீடு இருப்பது தெரியாமல் பி.எஃப். தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு போகும் குடும்பங்கள் அதிகம் என்பதால் அதைத் தனியாகக் கேளுங்கள்.

நியமனதாரர் பெயர் பழைய படிவத்தில் அம்மா என்றோ தம்பி என்றோ இருக்கலாம். கல்யாணத்துக்கு முன் எழுதிய நியமனம் கல்யாணமானதும் செல்லாது. ஆகவே கணக்குக்காரரின் தம்பி அந்தத் தாளைக் காட்டினாலும், மனைவியும் பிள்ளைகளும் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு தங்கள் பெயரில் விண்ணப்பிக்கலாம். வயது வராத பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பங்குக்குக் காப்பாளராகத் தாய் கையெழுத்திட வேண்டும். பிள்ளைகளின் பெயரில் வங்கிக் கணக்கை முன்கூட்டியே திறந்து வைத்துவிட்டால் அந்தப் பகுதி தாமதமாகாது.